பட்டாளம் போன அப்பாருவைப் பழைய பதிவேடுகளில் தேடும் முறை

கொங்கு நாட்டு ஊர்கள் பலவற்றில் 'மில்ட்ரிக்காரர் தோட்டம்', 'சுபேதார் வளவு' என்று ஒரு பேர் இன்னும் புழங்கும். ஆள் போய்ச் சேர்ந்து மூன்று தலைமுறை ஆகியிருக்கும். பேரன்களைக் கேட்டால் "எங்க அப்பாரு பஸ்ரா போனாருங்க" என்பதோடு சரி (அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா, பஸ்ரா இராக்கில் உள்ள ஊர்). அந்த ஒரு வரியிலிருந்து அவருடைய படைப்பிரிவையும், போன இடங்களையும், விட்டுப்போன சொந்தங்களையும் கண்டுபிடிக்க முடியும். ஆனால் எடுத்த எடுப்பில் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டித் தேட ஆரம்பித்தால் ஒன்றும் கிடைக்காது. பட்டாளத்தில் ஆளுக்கு அடையாளம் நம்பர்தான். பழனிசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத்தர் ஐந்தாறு விதமாக எழுதுவார். நம்பரை ஒரே விதமாகத்தான் எழுத முடியும். அதனால் முதல் வேலை வீட்டிலேயே நம்பரைத் தேடுவது.

மெடல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் உலகப் போரின் வட்ட மெடல்களில் விளிம்பைப் பாருங்கள். நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் சின்ன ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். நட்சத்திர வடிவ மெடலில் அது பின்பக்கம் இருக்கும். புளி போட்டோ விபூதி போட்டோ தேய்த்துவிடாதீர்கள். ஏற்கெனவே நாற்பது வருஷம் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தேய்த்துத் தேய்த்து விளிம்பு மழுங்கிய மெடல்கள்தான் அதிகம். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மழுங்கிய எழுத்தின் நிழல் தெரியும். மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி செல்போனில் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து வரிசையாக வைத்துப் படியுங்கள். வெள்ளி மெடல் ஆசாரியிடம் உருக்கப் போயிருக்கலாம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். இறக்கை வைத்த தேவதை உருவம் உள்ள வெண்கல வெற்றி மெடலின் விளிம்பிலும் அதே விவரம் இருக்கும். ராஜா தலை ஒருபுறமும் குதிரை வீரன் மறுபுறமும் உள்ள மெடல் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால், ஆள் துப்பாக்கி பிடித்த சிப்பாயாக இல்லாமல் கூலிப்படையிலோ உதவியாளராகவோ போனவராக இருக்கலாம். இரண்டாம் போரில் இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த மெடல்களிலும் பெயரும் நம்பரும் பொறிப்பது வழக்கம்.

மெடல் இல்லையென்றால் ட்ரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் புத்தகம், மணியார்டர் துண்டு, சட்டம் போட்ட போட்டோவின் பின்பக்கம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். போர்க்காலக் கடிதத்தில் ஊர் பேர் இருக்காது, தணிக்கையில் அதை எழுத விடமாட்டார்கள். ஆனால் தபால் முத்திரையில் எஃப்.பி.ஓ. (போர்க்களத் தபால் நிலையம்) என்ற எழுத்தும் ஒரு நம்பரும் இருக்கும். அந்த நம்பர் எந்தத் தேதியில் எந்த நாட்டில் இருந்தது என்று தபால்தலை சேகரிப்பவர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது படைப்பிரிவு. இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். 1903-இல் ராணுவத்தைத் திருத்தியமைத்தபோது மெட்ராஸ் காலாட்படைகளின் எண்ணோடு பெரும்பாலும் 60-ஐக் கூட்டினார்கள். 15-வது மெட்ராஸ் காலாட்படை 75-வது கர்நாடிக் ஆனது. 19-வது 79-வது ஆனது. முதலாவது 61-வது பயனியர்ஸ் (பாதை போடும் வேலையும் தெரிந்த காலாட்படை) ஆனது. ஆகவே 1898 காகிதத்தில் 15 என்றும் 1916 காகிதத்தில் 75 என்றும் இருந்தால் இரண்டு ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'கர்நாடிக்' என்றதும் கர்நாடகத்துப் படை என்று நினைக்க வேண்டாம். தமிழ் நாட்டுச் சமவெளிக்கு வெள்ளைக்காரன் வைத்த பழைய பெயர் அது. 1922-இல் 75-வது, 79-வது போன்றவை 3-வது மெட்ராஸ் ரெஜிமென்ட் என்ற பெயரில் சேர்க்கப்பட்டன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதன் நிரந்தரப் பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. இரண்டாம் போர் மூண்ட பிறகு, 1941–42-இல்தான் மறுபடி எழுப்பினார்கள். ஆகவே "1935-ல மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்தாரு" என்று வீட்டில் சொன்னால், அது டெரிட்டோரியல் என்ற பகுதிநேரப் படையாகவோ பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். போர்க்காலத்தில் லாரி ஓட்டினார் என்றால் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்ற போக்குவரத்து, சப்ளைப் படைப் பக்கம் தேட வேண்டும். ஊரில் பட்டாளம் போன எல்லோரையும் 'மெட்ராஸ் ரெஜிமென்ட்' என்றே சொல்லிவிடுவது நம் பழக்கம்.

ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று பதவி இருந்தால் அதிர்ஷ்டம். இந்திய ராணுவப் பட்டியல் என்ற அச்சுப் புத்தகத்தில் படைப்பிரிவு வாரியாக அவர்களுடைய பெயரும் பதவி ஏற்ற தேதியும் இருக்கும். பல வருஷத்துத் தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஹவில்தாரையும் அவருக்குக் கீழே உள்ளவர்களையும் அதில் தேடுவது வீண்.

போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். முதல் போருக்கு 4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரையும், இரண்டாம் போருக்கு 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரையும் இறந்தவர்கள் இதில் வருவார்கள். உயிரோடு திரும்பி 1952-இல் தோட்டத்தில் செத்தவர் இதில் இருக்கமாட்டார். இது தெரியாமல் நாள் கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு. பெயர்க் கட்டத்தை விட்டுவிட்டு 'கூடுதல் தகவல்' கட்டத்தில் கோயமுத்தூர் என்றோ சேலம் என்றோ ஆங்கிலத்தில் கொடுங்கள். படைப்பிரிவையும் சேர்த்துச் சுருக்குங்கள். 'இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன தாலூகா' என்ற வரி கிடைத்துவிட்டால் அதுதான் புதையல். தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து கிடைக்கிற பட்டாளக் காகிதம் அபூர்வம். இந்துச் சிப்பாய்களைப் பெரும்பாலும் எரித்ததால் தனிக் கல்லறை இராது, நினைவுச் சின்னத்தில்தான் பதிவு இருக்கும். பஸ்ரா நினைவுச் சின்னத்தின் பலகைகளில் இந்தியச் சிப்பாய்களை எண்ணிக்கையாக மட்டும் போட்டார்கள். பெயர் தனி ஏட்டில் இருக்கிறது. சுவரைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிப் பயனில்லை.

ஊர் பெயரில் ஒரு எச்சரிக்கை. ஆள் சேர்க்கும் படிவத்தில் கிராமம், தபால் ஆபீஸ், தாலூகா, பக்கத்து ரயில் ஸ்டேஷன் என்று பல கட்டங்கள் உண்டு. பிற்பாடு நகல் எடுத்தவர் தபால் ஆபீஸை ஊராக்கியிருப்பார். நம்மிடமோ புதுப்பாளையமும் நல்லூரும் கவுண்டம்பாளையமும் தடுக்கி விழுந்தால் ஒன்று. தாலூகாவை முதலில் உறுதி செய்யுங்கள். மாவட்டத்தையும் அன்றைய எல்லைப்படி பாருங்கள். ஈரோடு 1979-இல்தான் பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது, நாமக்கல் 1997, திருப்பூர் 2009. 1979-க்கு முன் பவானி, கோபி, தாராபுரம் எல்லாம் கோயமுத்தூர் ஜில்லா. கரூர் 1910 வரை கோயமுத்தூரில் இருந்து பிறகு திருச்சிக்குப் போனது. கொள்ளேகாலம் 1956 வரை நம்மோடுதான் இருந்தது.

திரும்பி வந்தவர் என்றால் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், சாப்பர்ஸுக்கும் பயனியர் கோருக்கும் பெங்களூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். நம்பர், பதவி, பெயர், தகப்பன் பெயர், அன்றைய தாலூகா, சேர்ந்த வருஷம், விலகிய வருஷம், உங்களுக்கு அவர் என்ன முறை என்பதற்கான சான்று எல்லாம் ஒரே மனுவில் இருக்கட்டும். "எங்கள் தாத்தாவைப் பற்றிய எல்லா விவரமும் வேண்டும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. பென்ஷன் இல்லாமல் விலகியவரின் ஷீட் ரோல் என்ற தனிநபர் சேவைப் பதிவு 25 வருஷத்துக்குப் பின் விதிப்படி அழிக்கப்படும். 'ஆவணம் அழிக்கப்பட்டது' என்ற பதில் வரும், அதோடு விட்டுவிடாதீர்கள். லாங் ரோல் என்ற பெரிய பேரேட்டை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வரிதான் இருக்கும் என்றாலும் அந்த வரியின் நகலைத் தனியாகக் கேளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். இரண்டாம் போர் வீரருக்கோ அவர் மனைவிக்கோ உதவித்தொகை வந்திருந்தால் அங்கே கோப்பு இருந்திருக்கும். சிங்கப்பூரில் நேதாஜி படையில் சேர்ந்தவர் என்றால் கலெக்டர் ஆபீஸில் தியாகி பென்ஷன் கோப்பும், டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளமும் பார்க்க வேண்டியவை.

இனி குடும்பம். பட்டாளக் காகிதம் ஒரு ஆளைத்தான் காட்டும், சொந்தத்தைக் காட்டுவது பத்திரம். சம்பளத்தையும் பென்ஷனையும் சேர்த்து வைத்தவர் முதலில் செய்வது நிலம் வாங்குவது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வாரி அட்டவணை ஒன்றும் சொத்துவாரி அட்டவணை ஒன்றும் உண்டு. பெயர்வாரியில், அவர் விலகிய வருஷத்திலிருந்து ஐந்து வருஷத்துக்குத் தேடச் சொல்லுங்கள். பழைய பத்திரத்தின் தலைப்பு இப்படி இருக்கும்: 'கோயமுத்தூர் ஜில்லா, தாராபுரம் தாலூகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர், மிலிடெரி பென்ஷன், இன்னாருக்கு...' தகப்பன், ஊர், தொழில் மூன்றும் ஒரே மூச்சில். கூடவே நான்கெல்லை விவரத்தைக் கட்டாயம் படியுங்கள். 'வடக்கே என் சகோதரர் இன்னார் காடு' என்று இருந்தால், யாருக்கும் நினைவில்லாத ஒரு பெரியப்பா குடும்பம் வெளியே வரும். அவர் வெளிநாட்டில் இருந்தபோது தம்பிக்கோ மச்சானுக்கோ பவர் எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் பதிவாகியிருக்கலாம்.

பத்திரத்தில் தமிழ் வருஷம் மட்டும் இருந்தால் கவனம் வேண்டும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பேர் திரும்பும். தாது என்றால் 1876-ம் ஆகும், 1936-ம் ஆகும். இதைவிடப் பெரிய பொறி பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் நம் வழக்கம். முதல் போருக்குப் போன ராமசாமியும் இரண்டாம் போருக்குப் போன ராமசாமியும் ஒரே வீட்டு அப்பாருவும் பேரனுமாக இருக்க முடியும். இரண்டு பேர் மெடலும் ஒரே டப்பாவில் கிடக்கும். நம்பர், தகப்பன் பெயர், ஊர் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாமல் எந்தக் காகிதத்தையும் உங்கள் ஆளுடையது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வயதை ஒரு ஆதாரமாகவே வைக்காதீர்கள். பதினாறு வயதுப் பையன்கள் பதினெட்டு என்று சொல்லித்தான் சேர்ந்தார்கள்.

வீட்டுப் பரணில் பழைய மொய் நோட்டு இருந்தால் அதைவிட நல்ல சொந்தப் பட்டியல் கிடையாது. பெயரோடு ஊரும் இருக்கும். எந்த ஊர்க்காரர்கள் வழக்கத்துக்கு மேல் மொய் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் கொண்டான் கொடுத்தான் வீடு எது, அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஊர் எது என்று பிடிபடும். கூட்டம் என்ற குலப்பிரிவும் குலதெய்வக் கோயிலும் தெரிந்தால் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் போய் விசாரிக்கலாம்.

கும்பினிக் (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்துச் சிப்பாயைத் தேடுகிறவர் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்கும். அங்குள்ள ராணுவத் துறைப் பதிவுகளில் சாதாரணச் சிப்பாயின் பெயர் வருவது விருது, விசாரணை, பென்ஷன் போன்ற சமயங்களில்தான். பட்டாளம் எந்த வருஷம் எங்கே முகாமிட்டது என்பது மட்டும் நன்றாகத் தெரியவரும். அதற்கும் முந்திய பாளையத்துச் சேவகர் என்றால் ராணுவப் பதிவை விட்டுவிட்டு இனாம் பதிவேட்டைக் கேளுங்கள். 1858-இல் அமைத்த இனாம் கமிஷன், ஒவ்வொரு மானிய நிலமும் யார் கொடுத்தது, எந்தச் சேவகத்துக்குக் கொடுத்தது, இப்போது யார் அனுபவிக்கிறார் என்று கட்டம் கட்டி எழுதி வைத்திருக்கிறது. கிராமத்தின் பெயரையும் 1860-களில் அது இருந்த தாலூகாவையும் எழுதிக்கொண்டு போங்கள். இன்றைய தாலூகாவைச் சொன்னால் வேறு கட்டு வந்து சேரும், ஒரு நாள் போய்விடும்.