பிரமிடுகளைப் பற்றிப் பேசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எகிப்துப் பிரமிடுகளைச் சாட்டையடிக்கு அஞ்சிய அடிமைகள் கட்டினார்கள் என்று இன்றும் பலர் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். முதலில் கைவிட வேண்டிய தவறு இதுவே. கிசாவில் குஃபு மன்னனின் பிரமிடு எழுந்தது கி.மு. 2560 வாக்கில், அதைக் கட்ட ஒரு லட்சம் பேர் உழைத்தார்கள் என்று எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்துக்கு வந்ததோ அதற்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்குப் பின்பு. மாறாக, 1990இல் கிசாவிலேயே வெளிப்பட்ட தொழிலாளர் கல்லறைகளும், அருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட குடியிருப்பின் ரொட்டி அடுமனைகளும், மாட்டெலும்புக் குவியல்களும், முறிந்து பின் கூடிய கையெலும்புகளும் நல்ல உணவும் சிகிச்சையும் பெற்ற வேறொரு வாழ்க்கையைக் காட்டுகின்றன. அரசுக்கு முறைவைத்து உழைக்கும் கடமை மக்களுக்கு இருந்தது என்பதால், எல்லோரும் விரும்பி வந்த தொண்டர்கள் என்று மறுபக்கம் சாய்வதும் பிழைதான்.

இதில் என் மனத்தை மிகவும் தொடுவது மெரெர் என்ற கண்காணிப்பாளரின் நாட்குறிப்பு. செங்கடல் கரையிலுள்ள வாதி அல்-ஜர்ஃப் என்னுமிடத்தில் 2013இல் கிடைத்த அந்தப் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள், எழுத்துள்ள பாப்பிரஸ்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவை. தூரா கற்சுரங்கத்தில் வெண்சுண்ணாம்புக்கல் ஏற்றியது, நைல் வழியே கிசாவுக்குப் படகோட்டியது, அன்றிரவு தங்கிய இடம் என்று நாள்தோறும் கணக்கெழுதிய மனிதர் அவர். குஃபுவின் மாற்றாந்தாய்ச் சகோதரன் அன்க்ஹாஃபின் பெயரும் அதில் வருகிறது. வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்போர் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

பிரமிடு திடீரென முளைத்தது என்று எண்ணுவதும் தவறு. சக்காராவில் ஜோசருக்காக எழுந்த படிப் பிரமிடுக்குப் பிறகு, குஃபுவின் தந்தை ஸ்னெஃப்ரு தஹ்ஷூரில் ஒன்றைக் கட்டத் தொடங்கினான். ஏறத்தாழ 54 பாகைச் சரிவில் எழுந்த அதன் சுவரைப் பாதி உயரத்தில் 43 பாகைக்குத் தணித்துவிட்டார்கள். வளைந்த பிரமிடு என்று இன்று அழைக்கப்படும் அக்கட்டடத்தில், கட்டியவர்கள் இடையில் மனம் மாற்றிக்கொண்டதை எவரும் கண்ணாலேயே காணலாம். அடுத்து அவன் கட்டிய சிவப்புப் பிரமிடு தொடக்கம் முதலே தணிந்த சரிவு கொண்டது.

கற்களை ஏற்றிய முறையை ஒரே விடையில் அடக்குவதையும் தவிர்க்க வேண்டும். சாய்தளங்களைப் பயன்படுத்தினார்கள் என்பது உறுதி. அவற்றின் வடிவம் பற்றித்தான் கருத்து வேறுபாடு. ஜெஹுதிஹோடெப் என்ற எகிப்திய மாகாண ஆளுநரின் கல்லறை ஓவியத்தில், பெருஞ்சிலையை இழுக்கும் சறுக்கு வண்டியின் முன் ஒருவன் நீர் ஊற்றுகிறான். அளவாக நனைந்த மணலில் இழுவிசை பாதியாகக் குறையும் என்பது 2014இல் சோதித்து அறியப்பட்டது. ஆனால் அவ்வோவியம் குஃபுவுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி, நோக்கம். தானியக் களஞ்சியம் என்ற இடைக்காலக் கதைக்கு இடமில்லை; உட்புறம் பெரும்பாலும் திண்மையான கல். துட்டன்காமுனின் கல்லறையோ பிரமிடே அன்று. குஃபுவுக்கு 1,200 ஆண்டுகளுக்கும் மேல் பிந்திய அது, அரசர் பள்ளத்தாக்கில் உள்ளது. மம்மி கிடைக்காததால் குஃபுவின் பிரமிடு கல்லறை இல்லை என்போர், பழங்காலத்திலேயே நடந்த கொள்ளைகளை மறந்துவிடுகிறார்கள். அரசனின் அறையில் கருங்கல் பேழை இன்றும் இருக்கிறது. அதன் அகலம், அந்த அறையை நோக்கி ஏறும் பாதையின் குறுகிய வாயைவிடச் சற்றே அதிகம். ஆகவே சுவர்கள் எழும்போதே பேழையை உள்ளே வைத்து, அதன்மேல்தான் கூரையை மூடியிருக்கிறார்கள்.