பார்த்த படத்தைப் பற்றி எழுதி வைப்பது எப்படி

மாதக் கடைசியில் "சமீபத்தில் பார்த்த படங்கள்" என்று எழுத உட்கார்ந்தால், ஆறு படத்தில் நாலுக்குக் கதைச்சுருக்கம்தான் வரும். படம் மறந்துபோய் கதை மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தக் கதையை யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் தேடி எடுத்துக்கொள்ளலாம். அதனால் படம் முடிந்த அன்றைக்கே, மிஞ்சிப்போனால் மறுநாள் காலைக்குள், ஐந்தாறு வரி குறித்துவிடுங்கள்.

முதல் வரியில் மூலப் பெயர், வெளியான ஆண்டு, இயக்குநர். ஒரே பெயரில் மூன்று படம் இருப்பது சகஜம் என்பதால் ஆண்டை விடக்கூடாது. இரண்டாவது வரியில் எந்த மொழியில் கேட்டீர்கள், எந்த மொழி சப்டைட்டில், தியேட்டரா டிவியா போனா என்பது. மீதி வரிகளுக்கு மூன்று காட்சிகள், நேரத்தோடு: "47வது நிமிடம், சமையலறை, யாரும் பேசவில்லை, குக்கர் விசில் மட்டும்" என்கிற அளவில் போதும். நல்ல காட்சி இரண்டு, உறுத்திய காட்சி ஒன்று என்று எடுத்தால் பிறகு எழுதும்போது ஒருபக்கமாகச் சாயாது. வீட்டில் பார்க்கும்போது நேரத்தை மட்டும் கிறுக்கிக்கொள்ளலாம். தியேட்டரில் போனை எடுக்காதீர்கள், பின்சீட்டுக்காரருக்கு அந்த வெளிச்சம் ஒரு காட்சியையே கெடுக்கும்.

படத்தைப் போடும் முன்பே இரண்டு வேலை இருக்கிறது. டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள், கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். பெரும்பாலான படங்கள் நொடிக்கு 24 ஃபிரேம். டிவி தன் பங்குக்கு நடுவில் ஃபிரேம்களை உருவாக்கிச் சொருகினால் எல்லாம் மெகா சீரியல் போல வழுவழுவென்று தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளரைத் திட்டுபவர்கள் நிறையப் பேர். அடுத்தது, பழைய படங்களில் இருபுறமும் வரும் கறுப்புப் பட்டை. அது உறுத்துகிறது என்று ஜூம் போட்டால் தலையும் காலும் வெட்டுப்படும்.

சப்டைட்டிலில்தான் அதிகம் சறுக்கும். ஆடியோவை மூல மொழிக்கு மாற்றியிருப்பீர்கள், ஆனால் எழுத்து ஆங்கில டப்பிங்கினுடையதாக இருக்கும். வாய் ஒரு சொல் சொல்லும், கீழே இரண்டு வரி ஓடும். அப்போது பட்டியலில் வேறு ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சரியான சப்டைட்டிலிலும் இழப்பு உண்டு. ஆங்கிலத்தில் பொதுவாக வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரி என்பதுதான் இடம், அதற்குள் அடங்காதது வெட்டப்படும். கொரிய மொழியில் நம் நீ, நீங்கள் போல மரியாதைப் படிகள் உண்டு. ஆங்கிலத்தில் எல்லாமே ஒரே சொல்லாகிவிடும். எனவே வாக்கியத்தின் கடைசி அசையைக் கவனியுங்கள்: 'யோ' என்று முடிந்துகொண்டிருந்த பேச்சு திடீரென்று அதை உதிர்த்தால், உறவில் ஏதோ மாறியிருக்கிறது. 'பாரசைட்' (2019) படத்தில் ஆங்கில சப்டைட்டில் 'ராம்-டான்' என்று காட்டும் உணவு கொரியனில் 'ஜாபகூரி', இரண்டு மலிவான பாக்கெட் நூடுல்ஸின் கலவை. அதன்மேல் விலையுயர்ந்த மாட்டிறைச்சியைப் போடச் சொல்கிறாள் பணக்கார வீட்டு அம்மா. படத்தின் வர்க்கக் கதை முழுக்க அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. சப்டைட்டிலை மட்டும் படித்தவருக்கு அது ஏதோ ஒரு சாப்பாடு.

பக்கத்து மொழிகளில் ஆபத்து வேறு. பாதி புரிகிறதே என்று சப்டைட்டிலை அணைத்துவிடுவோம். தெலுங்கில் 'அவசரம் லேது' என்றால் தேவையில்லை. மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு, 'சம்சாரம்' என்றால் பேச்சு. இந்த மூன்றையும் தமிழ்க் காதோடு கேட்டால் கதையே வேறாகும்.

ஒரு நாட்டின் தணிக்கை விதியையும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1979 புரட்சிக்குப் பிந்தைய ஈரானில் அனுமதி பெற்று எடுத்த படங்களில் பெண்கள் வீட்டுக்குள், கணவன் எதிரில்கூடத் தலையை மூடியிருப்பார்கள். அது திரைக்கான விதி. அதை வைத்து "பாத்திரம் மிகவும் ஆச்சாரமானது" என்று எழுதினால் தவறு.

இனி எழுதுவது. ஒரு படத்துக்கு 150 முதல் 200 சொல் போதும், அதில் கதைக்கு மூன்று வாக்கியம். முதல் கால் பகுதிக்குள் நடப்பதை மட்டும் சொல்லுங்கள், இரண்டு மணிநேரப் படமென்றால் முதல் அரை மணிநேரம். மிச்சத்தில் "ஒளிப்பதிவு அருமை, பின்னணி இசை பலம், இரண்டாம் பாதியில் தொய்வு" என்று வந்தால் அடித்துவிடுங்கள். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வரி எந்தப் படத்தைப் பற்றியும் எதுவும் சொல்லாது. '12 ஆங்ரி மென்' (1957) 96 நிமிடம், ஏறக்குறைய முழுக்க ஒரே அறை. இயக்குநர் சிட்னி லூமெட் முதல் மூன்றில் ஒரு பங்கில் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்தார், அடுத்த பங்கில் கண்மட்டத்தில், கடைசியில் அதற்கும் கீழே. லென்ஸும் போகப்போக நீள்கிறது, அதாவது பின்னால் இருப்பதை முன்னால் நெருக்கிக் காட்டும் வகைக்கு மாறுகிறது. அதனால் சுவர்கள் நெருங்கி, முடிவில் கூரையும் கண்ணில் படுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு எதுவும் வேண்டாம். முதல் ஐந்து நிமிடத்தையும் கடைசிப் பத்து நிமிடத்தையும் ஒலியை அணைத்து அடுத்தடுத்துப் பாருங்கள். "அறை சுருங்கிக்கொண்டே வருகிறது" என்ற வரி உங்களுக்கே வரும்.

வகைக்கு வகை அளவுகோல் மாறும். பேய்ப்படத்தில் நீங்கள் துள்ளிய காட்சியை ஒலியில்லாமல் மறுபடி பாருங்கள், அப்போதும் வயிறு கலங்கினால் பயம் படத்தில் இருக்கிறது, இல்லையென்றால் ஸ்பீக்கரில். த்ரில்லருக்கு முடிவு தெரிந்தபின் முதல் இருபது நிமிடம்: குற்றவாளியின் ஒவ்வொரு செயலும் இப்போதும் பொருந்துகிறதா? நகைச்சுவைக்குத் தனியாகப் பார்த்தீர்களா கூட்டத்தோடா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். காதல் படத்துக்கு நம்மிடம் தனிச் சோதனை எதுவுமில்லை.

ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதைத் தவிர்க்கலாம், பத்துப் படம் தாண்டினால் எல்லாமே மூன்றரையில் வந்து நிற்கும். கட்டாயம் போட வேண்டுமென்றால் வகைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

வெளியிடும் முன் பெயர்களைச் சரிபாருங்கள். 'பாரசைட்' இயக்குநர் போங் ஜூன் ஹோவில் 'போங்' குடும்பப் பெயர், ஜப்பானிய இயக்குநர் குரோசாவா அகிராவில் 'குரோசாவா'. மேற்கத்திய வழக்கில் இரண்டாமவர் அகிரா குரோசாவா ஆகிறார், முதலாமவர் பெரும்பாலும் போங்காகவே முன்னால் நிற்கிறார். சுருக்கிக் கூப்பிடுவதென்றால் 'போங்', 'குரோசாவா'.