களத்துமேட்டில் வானம் பார்க்கும் இரவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானம் பார்க்கும் நிகழ்ச்சி நடத்துகிற பலர், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிறார்கள். எத்தனை பேர் உண்மையில் பார்த்தார்கள் என்று எண்ணுவதில்லை. வந்தவர் ஒன்றும் பார்க்காமல் வீட்டுக்குப் போனால் மறுமுறை வரமாட்டார். கொங்குப் பக்கத்தில் பள்ளி மைதானம், களத்துமேடு, கல்லூரி மொட்டைமாடி என்று பல இடங்களில் தொலைநோக்கி பிடித்து நின்றவன் என்ற முறையில், திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளைச் சொல்கிறேன்.

முதல் தவறு தேதி குறிப்பதிலேயே நடந்துவிடுகிறது. நிலா பெரிசாகத் தெரியுமே என்று பௌர்ணமியில் வைக்கிறார்கள். அன்றைக்குச் சூரிய ஒளி நிலாவின் மேல் நேருக்கு நேர் விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. கண் கூசும், சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வளர்பிறை சப்தமி, அஷ்டமியில் வையுங்கள். பொழுது சாயும்போதே நிலா உச்சியில் நிற்கும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டோரம் ஒவ்வொரு குழியும் கரிய நிழலோடு எழுந்து நிற்கும். நட்சத்திரக் கூட்டங்களும் வான்முகில்களும் (விண்வெளியில் வாயுவும் தூசியும் திரண்ட நெபுலாக்கள்) காட்ட வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிய இரவு. சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரில் திதி போட்டிருக்கிறது. அது போதும்.

மாதமும் முக்கியம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் தொலைநோக்கி நிற்காமல் ஆடும், மேகமும் விலகாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். தை முதல் பங்குனி வரைதான் நம் பக்கத்துக்கு நல்ல பருவம். தை மாசத்துப் பனியில் லென்ஸ் நனையும். துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும்.

இடத்தைப் பகலிலேயே போய்ப் பாருங்கள். தோட்டத்துச் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டைச் சுற்றி நல்ல இருட்டு கிடைக்கும்தான். ஆனால் நம் ஊர்க் கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. இருட்டில், தலையை நிமிர்த்தியபடி, ஐம்பது பேர் நடமாடுகிற இடம் அது. கயிறு கட்டி ஓர் ஆளையும் நிறுத்தாமல் குழந்தைகளைக் கூப்பிடாதீர்கள். பூச்சி பொட்டு இருக்கும், செருப்புப் போட்டு வரச் சொல்லுங்கள்.

அடுத்தது வெளிச்சம். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒருவர் செல்போனைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிற பத்துப் பேருக்கும் அந்த அரைமணி நேரம் வீண். டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். மங்கிய சிவப்பு ஒளி கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. பச்சை லேசரில் நட்சத்திரம் காட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். விமானியின் கண்ணில் அந்த ஒளி பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சிறுவர் கையில் லேசரைக் கொடுக்கவே கூடாது.

என்னை இன்றைக்கும் உறுத்துகிற தவறு வரிசையில் நடந்தது. ஒரு கிராமத்தில் வியாழனைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஓர் ஆத்தா குனிந்து பார்த்துவிட்டு, "தெரியுதுங் கண்ணு" என்று நகர்ந்தார். அவருக்குப் பின்னால் வந்த நாலு பேரும் அதையே சொன்னார்கள். ஐந்தாவதாக வந்த சின்னப் பெண்தான், "ஏனுங்ணா, ஒண்ணுமே காணோமுங்க, கறுப்பாத்தான் இருக்குது" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். வியாழன் எப்போதோ வெளியே போயிருந்தது. பெரியவர்கள் எனக்குச் சங்கடம் வரக்கூடாதென்று தெரிகிறது என்றிருக்கிறார்கள்.

காரணம் எளிது. பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நூறு மடங்கு பெருக்கத்தில் தெரிவது அரைப் பாகை அகல வானம்தான். மோட்டார் இல்லாத தொலைநோக்கியில் இரண்டே நிமிடத்தில் கோள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போய்விடும். இரண்டு பேருக்கு ஒருமுறை நீங்கள் குனிந்து சரிபார்க்க வேண்டும். "தெரியுதுங்களா" என்று கேட்காதீர்கள். "பக்கத்துல எத்தனை பொட்டு இருக்குதுங்க?" என்று கேளுங்கள். மூன்று, நான்கு என்று எண்ணிச் சொன்னால் பார்த்துவிட்டார். அந்தப் பொட்டுகள் 1610-இல் கலிலியோ கண்ட நிலாக்கள் என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம். கண்வில்லையைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பார்க்கிற குழந்தைகளுக்கு ஒரு முக்காலி போட்டுவிடுங்கள்.

புகைப்படங்களில் பார்த்த வண்ணங்களை எதிர்பார்த்து வருகிறவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. மிருகசீரிடக் கூட்டத்து வான்முகில் கண்ணுக்கு ஊதா, சிவப்பாகத் தெரியாது. சாம்பல் நிறப் புகை மாதிரிதான் இருக்கும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்புவாக்கில் திரும்பிக் கோடாக மெலிந்தது, இப்போது மெல்ல மெல்ல விரிந்து வருகிறது. பெரிய ஆய்வகத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே ஏமாற்றம் வருவதுண்டு. ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி இருக்கிறது. அது ஆய்வுக் கருவிகளுக்காக வேலை செய்வது. ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற ரேடியோ தொலைநோக்கியில் கண் வைக்க இடமே கிடையாது. ஆனால் அதை எப்படி அமைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுமார் 11 பாகை சரிந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்துக் கட்டினார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் அதே அளவுதான் என்பதால் கருவி பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது.

அதே 11 பாகைதான் துருவ நட்சத்திரத்தின் உயரமும். மிகப் பிரகாசமாக, உயரத்தில் இருப்பதுதான் துருவம் என்று பலரும் வேறெதையோ காட்டுகிறார்கள். கோவையிலோ ஈரோட்டிலோ நின்று வடக்கே கையை நீட்டி விரல்களை மூடுங்கள். அடிவானத்திலிருந்து மூடிய கை ஒன்றின் உயரத்துக்குச் சற்று மேலே, சுமாரான ஒளியோடு இருக்கும். தென்னந்தோப்பு மறைத்தால் தெரியாது. அதற்கு ஈடாகத் தெற்கு நமக்குத் திறந்திருக்கிறது. மாசி இரவில் ஒன்பது மணி சுமாருக்கு அகத்தியர் நட்சத்திரத்தைக் காட்டுங்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

பெயர்களை வெளியூர்ப் பாணியிலேயே அடுக்குவதும் தவறுதான். ஆல்டெபரான் என்றால் முழிக்கிற அப்புச்சி, ரோகிணி என்றால் நிமிர்ந்து உட்காருவார். பீட்டல்ஜூஸ்தான் திருவாதிரை. மார்கழியில் முழுநிலா திருவாதிரைக்குப் பக்கத்தில் வரும். களி கிண்டுகிற நாள் அதையொட்டித்தான். கார்த்திகை தீபத்தன்று நிலா கார்த்திகைக் கூட்டத்தின் அருகில் நிற்கும். இதைச் சொல்லிப் பாருங்கள், அதற்குப் பிறகு அவர்கள்தான் உங்களுக்குக் கதை சொல்வார்கள்.

சூரியன் விஷயத்தில் தவறே நடக்கக் கூடாது. 2019 டிசம்பர் 26 அன்று வளையக் கிரகணம் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாகப் போனது. எக்ஸ்ரே பிலிமும் கரி பூசிய கண்ணாடியும் காப்பு அல்ல. விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்துபோவது அப்போது தெரியவே தெரியாது. தொலைநோக்கிக்கு வடிகட்டியை முன்வாயில் மாட்ட வேண்டும். கண்வில்லையில் திருகுகிற சின்ன வடிகட்டி சூட்டில் வெடித்துவிடும். பக்கத்தில் இருக்கிற குறிபார்க்கும் குழாயையும் மூடி வையுங்கள். எதுவும் இல்லையென்றால் வேப்பமர நிழலில் நில்லுங்கள். இலை இடுக்குகள் தரையில் நூறு பிறைச் சூரியன்களை வரைந்திருக்கும். கிரகண நேரத்தில் தாம்பாளத்தில் உலக்கை நிற்கிறதா என்று பார்க்கிற வீடுகளில் சண்டைக்குப் போகாதீர்கள். மறுநாள் அதே உலக்கையைக் குழந்தைகளை விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அடி சமமாக இருந்தால் அன்றும் நிற்கும். 2031 மே 21 அன்று அடுத்த வளையக் கிரகணம் தேனி, மதுரைப் பக்கம் வருகிறது. நமக்குப் பகுதிக் கிரகணம்தான். காப்புக் கண்ணாடிக்கு இப்போதே ஏற்பாடு செய்யலாம்.

நிகழ்ச்சி முடிந்ததும், "ஏனுங்க, எந்த டெலஸ்கோப் வாங்கலாமுங்க?" என்று நிச்சயம் கேட்பார்கள். அட்டைப்பெட்டியில் ஐந்நூறு மடங்கு என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்க விடாதீர்கள். லென்ஸின் அகலத்துக்கு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்குதான் எல்லை. 70 மில்லிமீட்டர் குழாய்க்கு 140. அதற்கு மேல் போனால் கலங்கல்தான். முதலில் ஒரு 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெருக்கம், 50 மில்லிமீட்டர் லென்ஸ்) போதும். கயிற்றுக்கட்டிலில் மல்லாந்து படுத்து, கார்த்திகைக் கூட்டத்தின் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரிந்த இடத்தில் முப்பது நாற்பது எண்ணலாம்.