ஒரே பயம், இரண்டு காரணியா? வினாக்கொத்தைப் பகுப்பாய்வு செய்யும்முன் பார்க்க வேண்டியவை

திருகோணமலைக்கு அருகேயுள்ள கடலோர ஊரான உப்புவெளியில் 100 பேரிடம் கடல் பயம் பற்றிக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘வாடைக்காற்றுக் காலத்தில் படகில் ஏறப் பயமா?’ என்றால் 90 பேர் ஆம் என்கிறார்கள். ‘கரையில் கால் நனைக்கவே பயமா?’ என்றால் 10 பேர்தான் ஆம். அந்தப் பத்துப் பேரும் முதல் வினாவுக்கும் ஆம் சொன்னவர்கள். இரண்டு வினாக்களும் ஒரே பயத்தின் கூடுதல் குறைவைத்தான் கேட்கின்றன. ஆனாலும் இரண்டு விடைகளும் எவ்வளவு சேர்ந்து செல்கின்றன என்று காட்டும் வழக்கமான ஒட்டுறவைக் (0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) கணக்கிட்டால் 0.11 தான் வரும். இந்த எண்ணிக்கைகளுக்கு அதைவிட அதிகமாக வரவே முடியாது.

சேர்ந்து செல்லும் வினாக்களைத் தொகுத்து, அவற்றின் பின்னால் இருக்கும் பொதுவான காரணிகளைத் தேடுவதே காரணிப் பகுப்பாய்வு. அதற்குத் தெரிவது அந்த ஒட்டுறவு மட்டுமே. பலரும் ஆம் சொல்லும் வினாக்கள் ஒரு காரணியாகவும், சிலரே ஆம் சொல்லும் வினாக்கள் இன்னொன்றாகவும் பிரிந்து நிற்கும். மனதில் இல்லாத பிரிவு அட்டவணையில் தெரியும். தொடக்கநிலை மாணவர்கள் அதற்கு அழகான பெயரும் வைத்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

முதல் படி: ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை பேர் என்ன விடை தந்தார்கள் என்று எண்ணி எழுதுங்கள். எக்செல் போதும். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

இரண்டாவது: ஆம்/இல்லை வினாக்களுக்கு டெட்ராகோரிக், ஐந்துநிலை விடைகளுக்குப் பாலிகோரிக் ஒட்டுறவை எடுங்கள். விடைக்குப் பின்னால் தொடர்ச்சியான ஓர் அளவு இருக்கிறது, நாம் அதை வெட்டிப் பார்க்கிறோம் என்பதே இவற்றின் எடுகோள். ஆர் மென்பொருளின் ‘சைக்’ பொதியில் இரண்டும் உண்டு. ஆனால் நமது உதாரணத்தில், கரையில் பயப்பட்டுப் படகில் பயப்படாதவர் ஒருவர்கூட இல்லை. அப்படி இரு வினாக்களின் விடை அட்டவணையில் ஒரு கட்டம் பூச்சியமானால் இந்த ஒட்டுறவு 1 பக்கம் ஓடிவிடும், மதிப்பீட்டை நம்ப முடியாது. அப்போது கூடுதல் ஆட்களிடம் கேளுங்கள். ஐந்துநிலை விடை என்றால், யாரும் தொடாத நிலையைப் பக்கத்து நிலையோடு சேர்க்கலாம்.

மூன்றாவது, எத்தனை காரணி? ஐகன் பெறுமானம் (ஒரு காரணி எத்தனை வினாக்களின் அளவுக்கு விடைகளின் வேறுபாட்டை விளக்குகிறது என்ற எண்) 1-ஐத் தாண்டினால் காரணி என்ற விதியை எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் தானாகவே பயன்படுத்தும். அது பெரும்பாலும் அதிகக் காரணிகளைத் தரும். உளவியலாளர் ஜான் ஹோர்ன் 1965-இல் முன்வைத்த இணைப் பகுப்பாய்வு நல்லது. அது உங்கள் தரவை அதே அளவுள்ள எழுமாற்றுத் தரவோடு ஒப்பிட்டு, அதைவிடப் பெரிய ஐகன் பெறுமானம் உள்ள காரணிகளை மட்டும் வைத்துக்கொள்ளும்.

காரணிகளை எளிதாக வாசிக்கும்படி திருப்பி வைக்கும் சுழற்சிக்கு, காரணிகள் ஒன்றோடொன்று தொடர்புபட இடம் தரும் ஆப்ளிமின் முறையை எடுங்கள். மனம் சார்ந்த காரணிகள் ஒன்றோடொன்று தொடர்பின்றி இருப்பது அரிது.

அப்புறம் எதிர்மறை வினாக்கள். ‘எனக்கு அலையைக் கண்டால் பயமில்லை’ என்பதற்கு ‘உடன்படவில்லை’ என்று குறிக்கத் தமிழில் இரண்டு ‘இல்லை’யைக் கடக்க வேண்டும். வயதானவர்கள் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றமே ஒரு காரணியாக வந்து நிற்கலாம். உப்புவெளியில் நாலு பேரிடம் வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, எந்த வினா எந்தக் காரணியோடு எவ்வளவு சேர்கிறது என்று காட்டும் காரணிச் சுமை அட்டவணையில் ஒவ்வொரு வினாவுக்கும் அருகே முதல் படியில் எடுத்த ஆம் வீதத்தை (நூற்றுக்கு எத்தனை பேர்) எழுதுங்கள். ஒரு காரணியில் எல்லாம் 80-க்கு மேல், மற்றதில் எல்லாம் 20-க்குக் கீழ் என்று இருந்தால், சரி, இன்னும் பெயர் வைக்காதீர்கள். ஒரே காரணி என்று வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.