பழைய லேப்டாப்பில் பழைய கேம்: எதில் நன்றாக ஓடுகிறது என்று அளப்பது எப்படி?

இரண்டு லேப்டாப், இரண்டிலும் இன்டெலின் பெண்டியம் பிராசஸர். ஒன்றில் குவேக் என்ற பழைய சுடும் கேம் வழுக்கிக்கொண்டு ஓடும், மற்றதில் திக்கித் திணறும். கேஷ் என்ற வேக நினைவகம் இல்லாத போர்டு, மந்தமான கிராபிக்ஸ் சிப் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து முடிவு சொல்லாதீர்கள், அளந்து பாருங்கள். அளக்கும் வசதி குவேக், டூம் போன்ற கேம்களுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில், லேப்டாப். சுங்கை சாலைச் சந்தை 2017 ஜூலையில் மூடிய பிறகு, சிங்கப்பூரில் இவற்றைத் தேட எளிய இடம் கரோசெல் என்ற ஆன்லைன் விற்பனைத் தளம்தான். நேரில் பார்த்து வாங்குங்கள். மூடியைத் திறந்ததும் திரையை முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் எல்சிடியின் மேல் உள்ள போலரைசர் படலம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சீக்கிரம் முற்றும். அப்படிப்பட்டதற்கு அதிக வெள்ளி கொடுக்க வேண்டாம். பழைய டோஷிபா என்றால் உள்ளே இருக்கும் சின்ன பேக்கப் பேட்டரியையும் பாருங்கள். அது கசிந்து போர்டை அரித்துவிடும்.

அடுத்து, இரண்டையும் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் அடாப்டரில் ஓடட்டும். 2000-க்குப் பிறகு வந்த மொபைல் பெண்டியம் 3 லேப்டாப்கள் பலவற்றில் ஸ்பீட்ஸ்டெப் என்ற மின்சிக்கன வசதி இருக்கும். பேட்டரியில் ஓடும்போது அது வேகத்தைக் குறைத்துவிடும். லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் மின்சிக்கனத்தை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 98 இருந்தால் ஷட்டவுன் மெனுவில் எம்எஸ்-டாஸ் மோடைத் தேர்ந்தெடுத்து, கட்டளைகளைத் தட்டி இயக்கும் டாஸுக்கு வெளியே வாருங்கள்.

இப்போது டூம். இந்தச் சுடும் கேம் 1993-இல் வந்தது. இதன் இலவச ஷேர்வேர் பதிப்பு 1.9 போதும். இரண்டு லேப்டாப்பிலும் திரை அளவு, டீட்டெய்ல், ஒலி எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். கேம் இருக்கும் ஃபோல்டருக்குப் போய், டூம் என்று தட்டி, ஓர் இடம் விட்டு, சிறுகோடு போட்டு அதை ஒட்டியே டைம்டெமோ, மறுபடி ஓர் இடம் விட்டு டெமோ3 என்று தட்டுங்கள். எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஆட்டம் தானாக ஓடி முடிந்து, கறுப்புத் திரையில் ஒரு வரி வரும்: 2134 கேம்டிக்ஸ், இத்தனை ரியல்டிக்ஸ். ஒரு டிக் என்பது விநாடியில் 35-இல் ஒரு பங்கு. 2134-ஐ 35-ஆல் பெருக்கி, வந்ததை ரியல்டிக்ஸால் வகுத்தால் விநாடிக்கு எத்தனை பிரேம், அதாவது எத்தனை படம், என்று தெரியும். ரியல்டிக்ஸ் 1500 என்றால் கிட்டத்தட்ட 50 பிரேம். சாதாரணமாக விளையாடும்போது டூம் 35-க்கு மேல் போகாது. அதனால் ஒன்று 50, இன்னொன்று 70 என்று வந்தாலும் டூம் ஆடுவதற்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் குவேக். இது 1996-இல் வந்தது. மிதவைப்புள்ளிக் கணக்கு செய்யும் எஃப்பியு இல்லாத, பெண்டியத்துக்கு முந்தைய 486எஸ்எக்ஸ் பிராசஸரில் ஓடவே ஓடாது. டில்டா (~) விசையை அழுத்தி, கட்டளை தட்டும் கன்சோலைத் திறந்து டைம்டெமோ டெமோ1 என்று தட்டுங்கள். 969 பிரேமையும் ஓட்டிவிட்டு வேகத்தை அதுவே சொல்லிவிடும். பெண்டியத்துக்கும் 486-க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பளிச்சென்று தெரியும்.

ஒவ்வொரு சோதனையையும் சில முறை ஓட்டி, எண் மாறாமல் வருகிறதா என்று பார்த்துக் குறித்துவையுங்கள்.

எண்ணில் வராததையும் குறியுங்கள். எனக்கு இதுதான் முக்கியம். டிஎஸ்டிஎன் என்ற பழைய வகை எல்சிடி திரையில் எத்தனை பிரேம் வந்தாலும், நகரும் உருவம் பின்னால் நிழலை இழுத்துக்கொண்டே போகும். டிஎஃப்டி என்ற மேம்பட்ட வகையில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. 320x200 படம் திரை முழுக்க விரிகிறதா, நடுவில் சின்னப் பெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டைக்கு எழுதிய ஒலி டாஸில் வருகிறதா என்றும் கேளுங்கள்.

வேகம் கூடிப்போனாலும் சிக்கல்தான். 1990-இல் வந்த விங் கமாண்டர் வேகமான பிராசஸரில் கட்டுக்கடங்காமல் பறக்கும். டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்கக் கருவியில் எழுதிய சில கேம்கள் பெண்டியம் 2-இல் ரன்டைம் எரர் 200 என்று காட்டித் திறக்காமலே நின்றுவிடும். அந்தக் காலத்துக் கேம்களுக்கு 486 லேப்டாப்தான் சரி. டூம், குவேக் இரண்டையும் ஒரே லேப்டாப்பில் ஆட வேண்டுமென்றால், டிஎஃப்டி திரையும் சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒத்த ஒலிச் சிப்பும் உள்ள பெண்டியம் எம்எம்எக்ஸ் லேப்டாப் ஒன்றைத் தேடுங்கள்.