மரத்துப்போகிறது, துடிக்கிறது, நெஞ்சு வலிக்கிறது: டாக்டரிடம் போகுமுன் எதைக் கவனிப்பது, எப்படிக் குறிப்பது?

கை மரத்துப்போகிறது என்று போனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த விரல்?" என்பதாகத்தான் இருக்கும். நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. "கை முழுக்கத்தான் சார்" என்று சொல்லிவிடுவோம். ஆனால் கட்டைவிரல் பக்கமா, சுண்டுவிரல் பக்கமா என்பதைத் தெரிந்துகொண்டாலே எந்த நரம்பு, எந்த இடத்தில் நெரிபடுகிறது என்பது பாதி தெரிந்துவிடும். சதை துடிப்பதும் நெஞ்சு வலிப்பதும் அப்படித்தான். எங்கே, எப்போது, எப்படி ஆரம்பித்தது, கூடவே வேறென்ன வந்தது என்ற நான்கும்தான் விஷயத்தைச் சொல்லும். இதைக் கவனிக்க மருத்துவம் படித்திருக்க வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டர் வேலை. அவருக்குச் சரியான தகவலைக் கொண்டுபோவது நம் வேலை. அதற்கான வழியைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: தாளை எடுப்பதா, வண்டியை அழைப்பதா?

சில நேரங்களில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் அதை முடிவு செய்துவிடுங்கள்.

திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுகிறது, இரண்டு கையையும் நீட்டச் சொன்னால் ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறது, பேச்சு குழறுகிறது, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போகிறது. இதில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதனால் கையில் இருக்கும் நேரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற மணியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் அதைத்தான் கேட்பார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும். பெரிய பக்கவாதத்துக்கு முன்னால் வரும் எச்சரிக்கையாக அது இருக்கலாம்.

நெஞ்சின் நடுவில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் என்றாலும் இதேதான். அதைத் தனியாக, விரிவாகப் பார்ப்போம்.

முதுகு வலியோடு ஆசனவாயைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் உணர்ச்சி போய், சிறுநீர் வராமல் நின்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டு பாதத்திலும் ஆரம்பித்த மரப்பும் பலவீனமும் ஓரிரு நாட்களில் முழங்கால், தொடை என்று மேலே ஏறினாலும் அப்படியே.

ஆம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டிய எண் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. பைக்கில் இருவருக்கு நடுவே நோயாளியை உட்கார வைத்துக்கொண்டு போவதை இன்றும் பார்க்கிறோம். வேறு வழி இருக்கும்போது தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மேலே சொன்னது எதுவும் இல்லையா? சரி, இப்போது தாளை எடுக்கலாம்.

படி 2: மரத்துப்போகும் இடத்தை வரையுங்கள்

கையைத் தாளின் மேல் விரித்து வைத்து, பேனாவால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். மரத்துப்போகும்போது எந்த இடத்தில் உணர்ச்சி குறைகிறதோ, குறுகுறுக்கிறதோ, அங்கே நிழலடியுங்கள். அந்த நேரத்திலேயே செய்தால்தான் சரியாக வரும். மறுநாள் யோசித்தால் மறுபடியும் "கை முழுக்க" என்றுதான் தோன்றும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி. நிழல் இப்படி விழுந்தால் மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை வழியாக வரும் நரம்பு அங்கே அழுந்துகிறது என்று சந்தேகிக்கலாம். இரவு தூக்கத்தில் எழுப்பிவிடும். கையைத் தொங்கவிட்டு உதறினால் குறையும். நாள் முழுக்கத் தையல் மெஷினில் இருப்பவர்கள், மாவு பிசைபவர்கள், கர்ப்பிணிகள், தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் நரம்பு வேறு, இடமும் வேறு. முழங்கை இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்கிறதே, அதே நரம்பு. முழங்கையை மடித்துப் போனைக் காதில் வைத்து ஒரு மணி நேரம் பேசுபவர்களும், முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றி வேலை செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே மோதிர விரலில் ஒரு பாதி மரத்து, மறுபாதி சரியாக இருப்பதைத் தொட்டு உணர்ந்தவர்கள் வியந்துபோவார்கள். நரம்புகள் அவ்வளவு துல்லியமாக எல்லை பிரித்திருக்கின்றன.

கழுத்தைத் திருப்பும்போது வலி தோளில் இருந்து கைக்கு இறங்கினால், அதையும் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். சிக்கல் கழுத்து எலும்பின் பக்கம் இருக்கலாம்.

காலுக்கு வருவோம். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மரத்துப்போவதை "ரத்த ஓட்டம் நின்றுவிட்டது" என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் அழுந்துவது நரம்பு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம், எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. காலை நீட்டினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும், பயமில்லை. ஆனால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு முனை தரையில் இடறினால் டாக்டரைப் பாருங்கள். தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிந்து மரத்தால், இறுக்கிக் கட்டிய பெல்ட்டையோ பாவாடை நாடாவையோ தளர்த்திப் பாருங்கள். எடை கூடியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வரும்.

இரண்டு பாதமும் ஒரே மாதிரி, விரல் நுனியில் இருந்து மெல்ல மேலே மரத்துக்கொண்டு வந்தால் முதலில் சுகர் பார்க்க வேண்டும். இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவானது. நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் கால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலுமாக ஆறு இடங்களில், ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி லேசாகத் தொடட்டும். குத்தவோ தட்டவோ தடவவோ கூடாது; ஒரே இடத்தை மறுபடி தொடவும் கூடாது. தொட்டது தெரிந்ததும் வலதா, இடதா என்று சொல்லுங்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை என்று யாராவது சொன்னாலும் இதே சந்தேகம் வர வேண்டும். அப்படிப்பட்டவர்கள் வெந்நீரில் கால் வைப்பதும், சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றுவதும் ஆபத்து. சுட்டது தெரியாது, கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

சுகர் இல்லையென்றால் அடுத்து வைட்டமின் பி12 பார்க்க வேண்டும். அசைவமோ பாலோ அதிகம் சேர்க்காதவர்களுக்கும், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் இது குறையலாம். ரத்தப் பரிசோதனைக்கு முன் மெடிக்கல் ஷாப்பில் "நரம்புச் சத்து" மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். பரிசோதனையின் அளவு மாறிவிடும். அதோடு, அவற்றில் பல மாத்திரைகளில் பி6 இருக்கிறது. பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுத்து மரப்பை உண்டாக்கும்.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் கை கால் ஊனம் வரை போகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம், நோய் முழுதாகக் குணமாகும்.

வாயைச் சுற்றியும் இரண்டு கை விரல் நுனிகளிலும் ஒரே நேரத்தில் குறுகுறுத்தால், பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினீர்களா என்று யோசியுங்கள். வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து இப்படி ஆகும். ஆனால் தைராய்டு ஆபரேஷன் முடிந்த சில நாட்களில் இப்படி வந்தால் கால்சியம் குறைந்திருக்கலாம், காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்குச் சொல்லுங்கள்.

படி 3: துடிக்கிறதா? அப்போது பலத்தைச் சோதியுங்கள்

கண் துடிப்பதற்கு இடது வலது பார்த்துப் பலன் சொல்லும் பழக்கம் நம் ஊரில் உண்டு. உண்மையில் இமைத் துடிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது தூக்கக் குறைவு, மன அழுத்தம், அதிகக் காபி, மணிக்கணக்கில் பார்த்த திரை. சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாக நின்றுவிடும். கெண்டைக்காலில் தோலுக்கு அடியில் புழு நெளிவது போலத் துடிப்பதும், தூங்கப்போகும் நேரத்தில் உடம்பு தூக்கிப் போடுவதும் பெரும்பாலும் தொல்லையில்லாதவைதான்.

இணையத்தில் தேடினால்தான் தூக்கம் போய்விடும். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த நரம்பு நோயின் பெயர்தான் முதலில் வரும். அந்த நோயில் நோயாளி சொல்லும் முக்கியமான குறை பலம் குறைவது. சாவியைத் திருப்ப முடியவில்லை, படியில் கால் இடறுகிறது என்பார். ஆகவே துடிப்பை எண்ணிக்கொண்டு உட்காராமல் பலத்தைப் பாருங்கள். குதிகாலில் பத்து அடி நடக்க முடிகிறதா? நுனிக்காலில்? சட்டைப் பொத்தானை முன்பு போலப் போட முடிகிறதா? ஒரு கை, ஒரு கால் மற்றதைவிட மெலிந்திருக்கிறதா? எல்லாம் சரி என்றால் பயத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஏதாவது சரியில்லை என்றால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இமையோடு நிற்காமல் கன்னம், வாய் ஓரம் என்று முகத்தின் ஒரு பக்கமே இழுத்தாலும் அவரிடம்தான் போக வேண்டும்.

கை நடுங்கினால் என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். மூச்சிரைப்புக்கான சால்பியூட்டமால் அதைச் செய்யும்.

படி 4: நெஞ்சு வலியில் துப்பறிய வேண்டாம்

முந்தைய இரண்டு படியிலும் "கவனியுங்கள்" என்று சொன்னேன். இங்கே சொல்ல மாட்டேன். காரணம் ஒன்றுதான்: வாயுவா, மாரடைப்பா என்பதை வீட்டில் உட்கார்ந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அனுபவமுள்ள டாக்டரே ஈசிஜி எடுக்காமல் சொல்ல மாட்டார்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. இரவு பதினொரு மணிக்கு அப்பா நெஞ்சைத் தடவுவார். "பரோட்டா ஒத்துக்கல, வாயுப் பிடிப்பு" என்பார். இஞ்சிச் சாறு, சோடா, ஏப்பம் வந்ததும் "கொஞ்சம் பரவால்ல". வெளுத்த முகமும் நனைந்த பனியனும் யார் கண்ணிலும் படாது. விடிந்த பிறகு போகலாம் என்று படுத்துவிடுவார்கள். ஏப்பம் விட்டதும் குறைந்தது என்பதால் அது மாரடைப்பு இல்லை என்று ஆகாது. இதயத்தசை ரத்தம் இல்லாமல் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திரும்பி வராத இழப்பு. இரண்டு ஏப்பத்தை நம்பி அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாரடைப்பு வலி பெரும்பாலும் "வலி" என்றே சொல்லப்படுவதில்லை. பிசைகிறது, அடைக்கிறது, கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்பார்கள். இடது கை, இரண்டு கை, தாடை, கழுத்து, முதுகு, மேல் வயிறு, எங்கே வேண்டுமானாலும் பரவும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறல், குமட்டல், திடீர்ச் சோர்வு, குளிர்ந்த வியர்வை என்றும் வரலாம். சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ விட்டு விட்டு வந்தாலோ 108-ஐ அழையுங்கள். அதுவரை அவரைச் சாய்த்து உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள், அவரே வண்டி ஓட்டவும் விடாதீர்கள். மாத்திரை எதுவும் கொடுப்பதற்கு முன் போனில் இருப்பவரிடம் கேளுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று வாங்கிப் போட்டால் பிபி சரிந்துவிடலாம். இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பில் இருந்து தப்பலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம்.

"இதயம் காப்போம்" என்ற திட்டத்தின்படி 2023 முதல் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, முதல் ஈசிஜி சரியாக இருந்தால் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். சில மாரடைப்புகள் அதில் தெரியாது. மறுபடி ஈசிஜியும், இதயத்தசை சேதமடைந்ததா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும் என்று சொன்னால் இருந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

நடந்தால் நெஞ்சு அடைக்கிறது, நின்றால் போய்விடுகிறது என்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நின்றதும் போய்விடுவதால் அதைச் சாதாரணம் என்று விட்டுவிடுகிறார்கள். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் குறுகியிருப்பதன் அடையாளமே அதுதான். மாடிப்படி எத்தனை ஏறினால் வருகிறது, முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே வருகிறதா என்று எழுதிக்கொண்டு, தாமதிக்காமல் இதய மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வந்தால் அது அவசரம்.

வலிக்குக் காரணம் இதயம் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு மற்றதைக் கவனிக்கலாம். ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிற, அழுத்தினால் அதிகமாகிற வலி விலா எலும்புச் சந்திலோ தசையிலோ இருக்கலாம். சாப்பிட்டுப் படுத்தால் எரிச்சல் மேலே ஏறுவது அமிலத்தால். ஒரு பக்கமாகப் பட்டை போல எரிந்து, சில நாளில் கொப்புளம் வந்தால் அக்கி. சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் நல்லது. மூச்சை இழுக்கும்போது குத்தினால் நுரையீரல் பக்கம் பார்க்க வேண்டும். அதிலும் ஆபரேஷனுக்குப் பிறகோ நீண்ட பயணத்துக்குப் பிறகோ ஒரு கால் வீங்கி, மூச்சும் திணறினால் காத்திருக்கவே கூடாது.

படி 5: நான்கு வரி எழுதுங்கள்

அப்புறம் எழுத வேண்டியது இவ்வளவுதான். உதாரணமாக: "இரவு 3 மணி. வலது கை, கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை. உதறினால் 5 நிமிடத்தில் சரி. மாவு பிசைந்த நாளில் அதிகம். கையில் இருந்து டம்ளர் நழுவவில்லை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எது இல்லை என்பதும் டாக்டருக்குத் தேவை. துடிப்பாக இருந்தால், அது துடிக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள். ஓபியில் உட்காரும் நேரத்தில் அது துடிக்காது.

சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை எழுதுவதைவிட அட்டைகளையே ஒரு பையில் போட்டு எடுத்துப்போவது நல்லது. நாட்டு மருந்து, லேகியம், உடற்பயிற்சிக்கூடத்தில் வாங்கிய பவுடர், எல்லாவற்றையும் சேர்த்து. பழைய ஈசிஜி இருந்தால் அதையும் வையுங்கள். புதியதில் தெரியும் மாற்றம் இன்றைக்கு வந்ததா, முன்பே இருந்ததா என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.