பழைய சிஸ்டம், 4 ஜிபி ரேம்: வச்சு எப்படி ஓட்டுறது

சிஸ்டம் ஸ்லோ ஆனதும் போட்டோ வீடியோவெல்லாம் அழிக்க ஆரம்பிக்காதீங்க, அது டிஸ்க்ல இருக்கற இடம், ரேம் வேற, இப்போ ஓடிட்டு இருக்கற வேலையை தற்காலிகமா வச்சுக்கற இடம் அது. நானும் ஒரு காலத்துல அழிச்சவன்தான், பழைய போட்டோ ஒரு ஃபோல்டரே போச்சு, ஸ்பீடு மட்டும் வரல.

ரேம் பத்தலன்னா விண்டோஸ் என்ன பண்ணும்னா, இப்போதைக்கு தேவைப்படாததை எடுத்து டிஸ்க்ல பேஜ்ஃபைல்னு ஒண்ணு இருக்கு அதுல போட்டு வைக்கும், நீங்க பிரவுசர்ல திறந்து வச்ச ஒரு டேபை திரும்ப தொட்டதும் அங்கேருந்து தூக்கிட்டு வரணும், டிஸ்க்கோ ரேம் கிட்டயே நிக்க முடியாத அளவுக்கு ஸ்லோ. அதான் வட்டம் சுத்திட்டே இருக்கு, உள்ள ஹார்ட் டிஸ்க் கரகரன்னு அரைக்குது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும். மெமரிங்கற தலைப்புல கிளிக் பண்ணுங்க, அதிகமா தின்றது மேல வந்து நிக்கும். முக்காவாசி நேரம் பிரவுசர்தான். குரோம்னா அதுக்குள்ளயே தனி டாஸ்க் மேனேஜர் இருக்கு, ஷிஃப்ட் எஸ்கேப் போதும், எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசர்ல நாம சேர்க்கற குட்டி புரோகிராம்) எவ்ளோ எம்பி பிடிச்சிருக்குன்னு தனித்தனியா காட்டும். எனக்கு என்னைக்கோ போட்டு மறந்துபோன ஒரு கூப்பன் எக்ஸ்டென்ஷன் சும்மாவே 200 எம்பி பிடிச்சு வச்சிருந்துச்சு, தூக்கி வீசிட்டேன். குரோம் செட்டிங்ஸ்ல பெர்ஃபார்மன்ஸ்ங்கற பக்கத்துல மெமரி சேவர் இருக்கும், அதையும் ஆன் பண்ணிடுங்க, ரொம்ப நேரம் பாக்காத டேபை அதுவே தூங்க வச்சிரும்.

அப்புறம் டாஸ்க் மேனேஜர்லயே ஸ்டார்ட்அப் பகுதி. வேணாங்கறதை டிசேபிள் பண்ணுங்க, புரோகிராம் அழியாது, சிஸ்டம் ஆன் ஆகும்போது தானா ஓடாது, அவ்ளோதான். ஆன்ட்டிவைரஸ்ல மட்டும் கை வைக்காதீங்க.

ரேம் பூஸ்டர்னு வர்றதெல்லாம் வேஸ்ட்டுங்க. ரேம்ல இருக்கறதை டிஸ்க்குக்கு தள்ளிட்டு ஃப்ரீ ஆயிடுச்சு பாருன்னு நம்பரை காட்டும், அடுத்த நிமிஷம் எல்லாத்தையும் திரும்ப எடுத்துட்டு வரணும். பேஜ்ஃபைலை ஆஃப் பண்ண சொல்றவங்க பேச்சையும் கேக்காதீங்க, ரேம் கம்மியா இருக்கறப்ப அதுவும் இல்லன்னா புரோகிராம் பொசுக்குன்னு மூடிக்கும், சேவ் பண்ணாத வேலை போயிடும்.

காசு போட முடியும்னா இன்னொரு ரேம் ஸ்டிக்தான் பெஸ்ட். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்கு போய் மெமரியை கிளிக் பண்ணா எத்தனை ஸ்லாட் காலின்னு தெரியும். ரேம்ல டிடிஆர்3, டிடிஆர்4னு வகை இருக்கு, டிடிஆர்3 போர்டுல டிடிஆர்4 உக்காராது, பாத்து வாங்குங்க. 32 பிட் விண்டோஸ்னா 4 ஜிபிக்கு மேல போட்டும் பிரயோஜனமில்ல. ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியா, அதாவது வேகமான டிஸ்க்கா மாத்துனா ரேம் அதிகமாகாது, ஆனா அந்த காத்திருப்பு நல்லாவே குறையும்.

விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு, விண்டோஸ் 11 பழைய பிராசசர்ல முறைப்படி ஏறாது, அதனால லுபுண்டு மாதிரி லைட்டான லினக்ஸ் (விண்டோஸுக்கு பதிலா ஓடற சிஸ்டம்) ஒண்ணை பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணி பாருங்க. வைஃபை, சவுண்ட் ரெண்டும் வேலை செய்யுதான்னு பாத்துட்டு, ஃபைலெல்லாம் வேற எங்கயாவது காப்பி எடுத்துட்டு, அப்புறம் இன்ஸ்டால் பண்ணுங்க.